யார் சொன்னால் நடக்கும்?

அன்றைக்கு இரவு 11 மணி இருக்கும். ஹாலில் டிவியில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. நான் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தேன். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் இல்லையா, அப்படி எதிலிருந்தோ எதற்கோ தாவி, கடைசியில் வீட்டுச் சாதனங்களை விமர்சனம் செய்யும் ஒருவரின் வீடியோவில் வந்து நின்றிருக்கிறது. அவர் தன் மேஜை மேல் இருந்த ஸ்பீக்கரைப் பெயர் சொல்லி அழைத்து, விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் அணைந்ததா, தெரியாது. எங்கள் வீட்டில் அணைந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தன் அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் உள்ள நடையில் போய்க்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பேச்சு வந்துவிட்டது, ஆனால் குழறும். களைப்பான நேரத்தில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில் கொஞ்ச காலம், ஏதாவது வேண்டுமென்றால் தலைமாட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவார். நாங்கள் யாராவது எழுந்து போவோம். ஒவ்வொரு தடவையும் "சாரிடா" என்பார். பெற்ற பிள்ளையிடம் லைட் போடச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் ஒரு மனிதரைப் பார்க்க முடியாமல்தான் அந்த ஸ்பீக்கரை வாங்கி வைத்தேன். முதல் வாரமே அவருக்கு அது பழகிவிட்டது. ராத்திரி 3 மணிக்கு யாரையும் எழுப்பாமல் தானே லைட்டைப் போட்டுக்கொள்ள முடிகிறது என்பது அவர் முகத்தையே மாற்றியது. டம்ளர் சமையலறைக்குத் திரும்பிப் போனது.

அந்த இரவில், இருட்டில் நின்றபடி அவர் அதை நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். டிவி சத்தத்தில் அந்தக் குழறல் அதற்கு எட்டவில்லை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் வாக்கரைத் தூக்கித் தரையில் தட்டிய சத்தத்தில்தான் நான் எழுந்தேன். போனில் டார்ச் அடித்துக்கொண்டு ஓடினால், சுவரில் தோளைச் சாய்த்து நின்றிருந்தார். விழவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, "அதக் கழட்டிரலாம்பா" என்றேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "அது ஒரு தடவ தப்பாக் கேட்டுச்சு. நீ கேக்கவே இல்ல. உன்னையும் கழட்டிரலாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. டிவியில் இருந்த, எங்கள் வீட்டை வாழ்நாளில் பார்க்காத ஓர் ஆள் சொன்னது நடந்தது. அந்த வீட்டுக்காரர் நான்கு முறை சொன்னது நடக்கவில்லை. அப்படியானால் ஒரு வீட்டில் யார் சொன்னால் நடக்கும்? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

*

2017 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். டாலஸ் நகரில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டிலிருந்த அமேசான் எக்கோவிடம் தன்னோடு பொம்மைவீடு விளையாட வருமா, தனக்கு ஒரு பொம்மைவீடு வாங்கித் தருமா என்று கேட்டிருக்கிறாள். பிறகு 160 டாலருக்கு மேல் விலையுள்ள ஒரு பொம்மைவீடும் ஏறக்குறைய 2 கிலோ பிஸ்கட்டும் வாசலுக்கு வந்து சேர்ந்தன. குடும்பம் அந்தப் பொம்மைவீட்டை ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டது. கதை அதோடு முடியவில்லை. சான் டியாகோவில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி இதைச் செய்தியாகச் சொன்னது. செய்தி வாசிப்பவர் அந்தச் சிறுமியை ரசித்து, அவள் அலெக்ஸாவிடம் சொன்ன மாதிரியே அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் இருந்த எக்கோக்கள் பொம்மைவீடு ஆர்டர் செய்ய முயன்றதாகப் புகார்கள் வந்தன.

இதில் யார் யாருக்குக் கட்டளை இட்டார்கள்? சிறுமி செய்தது பாதி விளையாட்டு, பாதி ஆசை. செய்தி வாசிப்பவர் செய்தது மேற்கோள். அந்த வீடுகளில் இருந்தவர்களோ வாயே திறக்கவில்லை. கட்டளை என்ற ஒன்றை யாருமே இடவில்லை, ஆனால் கட்டளை நிறைவேறப் பார்த்தது.

பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்த இலக்கணம் இங்கே உதவுகிறது. தமிழில் ஏவல் வினைமுற்று, வியங்கோள் வினைமுற்று என்று இரண்டு உண்டு. வியங்கோள் வாழ்த்துவதற்கும் வைவதற்கும் விதிப்பதற்கும் வேண்டுவதற்கும் வரும். தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொது. "வாழ்க" என்று யாரை வேண்டுமானாலும், எதிரில் இல்லாதவரைக்கூடச் சொல்லலாம். ஏவல் அப்படி இல்லை. வா, போ, அணை, நிறுத்து எல்லாமே முன்னிலையில் மட்டும்தான் வரும். எதிரில் ஒரு "நீ" இருந்தே ஆகவேண்டும். அந்த "நீ" யார் என்பது சொல்லில் இருக்காது. பார்வையில், முகம் திரும்பும் திசையில், அந்த இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் இருக்கும். பத்துப் பேர் இருக்கும் கல்யாண வீட்டில் "அந்த ஃபேனைப் போடுப்பா" என்றால் யாரிடம் சொன்னது என்று பத்துப் பேருக்கும் தெரியும்.

ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள், அவர் இறந்தபின் 1962இல் புத்தகமாக வந்தன. சில வாக்கியங்கள் உலகத்தை விவரிப்பதில்லை, உலகத்தில் ஒன்றைச் செய்கின்றன என்பது அவர் சொன்ன விஷயம். சத்தியம் செய்கிறேன், பந்தயம் கட்டுகிறேன், பெயர் வைக்கிறேன் என்பவை அப்படி. ஆனால் அவை பலிக்கவேண்டுமானால் சரியான ஆள், சரியான இடம், சரியான சூழ்நிலை வேண்டும். நாடகத்தில் தாலி கட்டினால் கல்யாணம் ஆகிவிடாது. மேடைப் பேச்சை அவர் வெறுமையான பயன்பாடு என்று ஒதுக்கிவைத்தார். பின்னால் வந்த தெரிதா இதை விடவில்லை. எந்தச் சொல்லையும் அதன் இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் திரும்பச் சொல்ல முடியும், அப்படித் திரும்பச் சொல்ல முடிவதால்தான் அது சொல்லாகவே இருக்கிறது, மேற்கோளை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது என்று வாதிட்டார். கல்லூரியில் இதைப் படித்தபோது சும்மா வார்த்தை விளையாட்டு என்று நினைத்தேன். சான் டியாகோ வீடுகளில் நடந்தது தெரிதா சொன்னதன் செய்முறை விளக்கம் மாதிரி இருக்கிறது. அந்தக் கருவிக்கு மேடையும் வீடும் ஒன்று. விளையாட்டும் மேற்கோளும் கட்டளையும் ஒன்று. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

2018இல் அலெக்ஸா கருவிகள் சில வீடுகளில் திடீரென்று தாமாகவே சிரித்தன. "அலெக்ஸா, சிரி" என்று யாரோ சொன்னதாக அவை தவறாகக் கேட்டிருக்கலாம் என்று அமேசான் விளக்கம் சொன்னது. அதற்குச் செய்த திருத்தம் சுவாரஸ்யமானது. அந்தச் சின்ன ஏவலை நீக்கிவிட்டு, "அலெக்ஸா, சிரிக்க முடியுமா?" என்ற நீளமான கேள்வியை வைத்தார்கள். நீளமான வாக்கியம் தற்செயலாகக் காதில் விழும் வாய்ப்பு குறைவு. "நீ" யார் என்ற சிக்கல் அப்படியே இருந்தது. சொல்லின் நீளத்தைத்தான் அவர்களால் மாற்ற முடிந்தது.

*

இதுவரை சொன்னது விபத்துகள். தற்செயலாக நடக்கும் ஒன்றை வேண்டுமென்றே செய்ய ஆள் வருவதற்கு அதிக நாள் ஆகாது. இந்த விஷயத்தில் மூன்றே மாதம்தான் ஆனது.

2017 ஏப்ரலில் பர்கர் கிங் நிறுவனம் அமெரிக்காவில் 15 வினாடி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. அதன் கடைசியில் நடிகர் கேமராவுக்கு அருகே வந்து, "ஓகே கூகுள்" என்று தொடங்கி, வாப்பர் பர்கர் என்றால் என்ன என்று கேட்பார். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டில் இருந்த கூகுள் ஹோம் விழித்து, விக்கிப்பீடியாவிலிருந்து அந்த பர்கரின் வர்ணனையை வாசிக்கத் தொடங்கியது. சில மணி நேரத்துக்குள் குறும்பர்கள் விக்கிப்பீடியாப் பக்கத்துக்குள் புகுந்து பர்கரின் சேர்மானத்தில் சயனைடைச் சேர்த்தார்கள். கூகுள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாதபடி தடுத்தது. அவர்கள் வேறு பதிப்புகளை வெளியிட்டுத் தாண்டினார்கள். அந்த ஆண்டு கான் விளம்பர விழாவில் இந்த விளம்பரம் பெரிய பரிசு வாங்கியது. பிறர் வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் போய், அங்கிருக்கும் பொருளைப் பேசவைத்ததற்குப் பரிசு.

பார்க்கப்போனால் ஒரு பர்கர், ஒரு சிரிப்பு. இதில் என்ன பெரிய தீங்கு என்று கேட்கலாம். எனக்கு உறுத்துவது அது எதை நிரூபித்தது என்பதுதான். வாசல் கதவுக்குப் பூட்டு இருக்கிறது, அலமாரிக்குச் சாவி இருக்கிறது, போனுக்குக் கைரேகை இருக்கிறது. குரல் வரும் வழிக்கு இவை எதுவும் இல்லை. யார் குரலானாலும் காற்றில் ஏறி உள்ளே வந்துவிடலாம். 2018இல் இங்கிலாந்தில் ஒரு சாம்பல்நிறக் கிளி, வீட்டுக்காரம்மாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அலெக்ஸாவிடம் தர்பூசணியும் ஐஸ்கிரீமும் ஆர்டர் செய்யப் பார்த்தது. வாங்கும் வசதி பூட்டப்பட்டிருந்ததால் அவை வந்து சேரவில்லை. கிளி சொன்னதைச் சொல்லும் பிராணி, கருவி சொன்னதைச் செய்யும் பொருள். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் நடுவில் மனிதர் தேவைப்படவில்லை.

இதற்கடுத்த படியில் குரலே தேவைப்படாமல் போகிறது. நம் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. மைக்கின் கட்டமைப்பில் உள்ள ஒரு குறையால், அதற்கு மேற்பட்ட அலையில் ஏற்றி அனுப்பிய பேச்சையும் அது சாதாரணப் பேச்சாக இறக்கிக்கொள்கிறது. 2017இல் சீனாவின் ஜேஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வழியில், அறையில் இருப்பவர் காதில் எதுவுமே விழாமல், பல குரல் உதவியாளர்களுக்குக் கட்டளை கொடுத்துக் காட்டினார்கள். டால்பின் தாக்குதல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் டோக்கியோவில் உள்ள மின்தொடர்புப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் இன்னொன்றைச் செய்தார்கள். லேசர் ஒளியின் பிரகாசத்தைப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து, நேராக மைக்கின் மீது அடித்தார்கள். மைக் அதையும் பேச்சாக எடுத்துக்கொண்டது. ஒரு மணிக்கூண்டின் மேல் நின்று, 70 மீட்டருக்கு மேல் தள்ளி எதிர்க் கட்டடத்துக்குள் இருந்த கருவியை அவர்களால் இயக்க முடிந்தது.

இவையெல்லாம் ஆய்வுக்கூடச் சோதனைகள். நாளைக்கே எதிர்வீட்டு மாடியில் ஒருவர் லேசரோடு நிற்பார் என்று பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. திருடனுக்கு அதைவிடச் சுலபமான வழிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நாம் "குரல்" என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை இந்தச் சோதனைகள் காட்டிவிடுகின்றன. நமக்குக் குரல் என்றால் ஓர் ஆள். தொண்டை, மூச்சு, ஊர், வயசு, கோபம், சளி எல்லாம் அதில் இருக்கும். போனில் "ஹலோ" என்ற ஒரு சொல்லில் அம்மா அழுதிருக்கிறாளா என்று கண்டுபிடிக்கிறோம். கருவிக்குக் குரல் என்றால் மைக்கில் ஏற்படும் ஒரு மாற்றம், அவ்வளவுதான். அது ஒளியால் வந்தால்கூடப் போதும்.

*

ஆனால் அந்நியர்களும் ஆய்வாளர்களும் தேவையில்லை. வீட்டுக்குள் நடக்கும் சாதாரணப் பேச்சே போதும். இந்தக் கருவிகள் எப்படி விழிக்கின்றன என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். அவற்றுக்குள் ஒரு சிறிய நிரல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். தன் பெயர் போன்ற ஒலி வருகிறதா என்பது மட்டும்தான் அதன் வேலை. வருகிற ஒவ்வொரு ஒலிக்கும் அது மனதுக்குள் ஒரு மதிப்பெண் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் விழித்துக்கொண்டு, அதன்பின் வரும் பேச்சை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும்.

2020இல் ஜெர்மனியின் போகும் நகர் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேம் ஆஃப் த்ரோன்ஸ், மாடர்ன் ஃபேமிலி போன்ற தொடர்களைக் கருவிகளின் முன்னால் ஓடவிட்டு, எந்தெந்தச் சொற்களுக்கு அவை தவறாக விழிக்கின்றன என்று பட்டியல் எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் கிடைத்தன. "அன்அக்செப்டபிள்" என்றாலும் "எலெக்‌ஷன்" என்றாலும் அலெக்ஸா விழித்தது. "ஓகே கூல்" என்றால் கூகுள் விழித்தது. "எ சிட்டி" என்றால் சிரி. தேர்தல் பற்றிப் பேசும் ஒரு வீட்டில் எத்தனை தடவை அது தலைதூக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படித் தப்பாக விழித்து எடுத்த பதிவுகள் எங்கே போகின்றன என்பது 2019இல் வெளியே வந்தது. பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை மேம்படுத்துவதற்காக அமேசானில் ஆயிரக்கணக்கானோர் பதிவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பாஸ்டன், கோஸ்டாரிகா, ருமேனியாவோடு இந்தியாவிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்று ப்ளூம்பெர்க் எழுதியது. சிரியின் பதிவுகளையும் ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்று கார்டியன் எழுதியது. சிரி தவறாக விழித்துப் பதிவு செய்தது தொடர்பான வழக்கில் 95 மில்லியன் டாலர் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது 2025இன் தொடக்கத்தில் செய்தியானது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், குரல் பதிவை சர்வருக்கு அனுப்பாமல் கருவியிலேயே வைத்துக்கொள்ள எக்கோ கருவிகள் சிலவற்றில் இருந்த வசதியை அமேசான் நிறுத்திவிட்டது.

அந்த எல்லைக்குத் திரும்ப வருகிறேன். அதை எங்கே வைப்பது? தளர்த்தி வைத்தால் கண்டதற்கெல்லாம் விழிக்கும். இறுக்கி வைத்தால் கூப்பிடும்போதும் விழிக்காது. இது பொறியாளர்களின் கணக்கு மாதிரி தெரிகிறது. அப்பா இருட்டில் நின்றதற்குப் பிறகு எனக்கு அது கணக்காகத் தெரியவில்லை. அந்த யூடியூபரின் உச்சரிப்பு தெளிவானது, எல்லையைச் சுலபமாகத் தாண்டியது. அப்பாவின் குழறல் தாண்டவில்லை. எல்லையை இன்னும் இறுக்கினால் அந்நியர்கள் கொஞ்சம் குறைவார்கள், ஆனால் முதலில் வெளியே போகிறவர் அப்பாதான். வீட்டுக்காரரின் குரலைப் பதிந்துவைத்து அதற்கு மட்டும் பதில் சொல்லும்படி செய்யலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். எந்தக் குரலைப் பதிவது? காலை இட்லி நேரத்துக் குரலையா, மாத்திரை போட்டபின் ராத்திரி வரும் குரலையா? பாதுகாப்பைக் கூட்டும் ஒவ்வொரு திருகும், யாருக்காக அந்தக் கருவியை வாங்கினேனோ அவரை இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளுகிறது. நல்ல உச்சரிப்பும் கையில் போனும் உள்ளவர்கள் "இதெல்லாம் எதுக்கு, தூக்கிப் போடு" என்று சொல்வது சுலபம். நானும் அன்று காலை அதைத்தான் சொன்னேன்.

*

சரி, ஒவ்வொரு தடவையும் அது திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டால் போதாதா? கேட்டது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2018இல் கேட்டது.

ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் மரத்தரை போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கணவரிடம் வேலை பார்க்கும் ஒருவர், வேறு ஊரிலிருந்து போன் செய்து, உடனே அந்தக் கருவிகளைப் பிடுங்குங்கள் என்றார். அவர்கள் பேசிய பேச்சு ஒலிப்பதிவாக அவருக்கு வந்திருந்தது. எப்படி நடந்தது என்று அமேசான் சொன்ன விளக்கம் ஒரு சின்ன நாடகம் போல இருக்கிறது. பேச்சில் வந்த ஏதோ ஒரு சொல்லைத் தன் பெயர் என்று எக்கோ எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த பேச்சைச் செய்தி அனுப்பச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டது. "யாருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டது. பின்னணியில் தொடர்ந்த பேச்சை ஒரு தொடர்பாளரின் பெயராக எடுத்துக்கொண்டது. இன்னாருக்குத்தானே, சரியா என்று மறுபடியும் கேட்டது. அதற்கும் பேச்சின் நடுவில் ஒரு "சரி" கிடைத்துவிட்டது. அனுப்பிவிட்டது.

இரண்டு தடவை கேட்டிருக்கிறது. ஆனால் கேட்கப்பட்டவர்களுக்குத் தங்களிடம் கேட்கப்பட்டது என்பதே தெரியவில்லை. சம்மதம் வாங்குவதற்கான சடங்குகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன, சம்மதம் மட்டும் இல்லை. ஒரு செயலியை நிறுவும்போது பக்கம் பக்கமாக ஓடும் நிபந்தனைகளுக்குக் கீழே "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தும் நாமும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறோம். அப்பாவின் ஸ்பீக்கருக்கு அந்தப் பொத்தானை அழுத்தியது நான். வீட்டுக்கு வருகிற சித்தி, வேலை செய்ய வரும் அக்கா, பாடம் கேட்க வரும் பக்கத்து வீட்டுப் பையன் எல்லார் சார்பிலும் நான் ஒருவன் அழுத்தியிருக்கிறேன். அவர்களில் யாரிடமும் இதுவரை கேட்டதில்லை.

*

பாட்டி இருந்தவரைக்கும் விளக்கு வைக்கும் நேரத்தில் வாயை அடக்கச் சொல்வாள். கோபத்தில் "நாசமாப் போ" என்று தம்பியைச் சொல்லிவிட்டால் பதறுவாள். மேலே ததாஸ்து தேவதைகள் சுற்றிக்கொண்டிருக்கும், நீ சொன்னதுக்கு அப்படியே ஆகட்டும்னு சொல்லிட்டுப் போயிரும் என்பாள். கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லவிடமாட்டாள், "வர்றேன்" என்றுதான் சொல்லவேண்டும். கும்பகர்ணன் பிரம்மாவிடம் நித்தியத்துவம் கேட்கப் போய், நாக்குப் புரண்டு நித்திரத்துவம் கேட்ட கதையும் அவள் சொன்னதுதான். வாய் தவறிவிட்டது என்று தெரிந்தாலும் வரம் வரம்தான். பிறகு அழுது கெஞ்சியதில், ஆறு மாதத்துக்கு ஒருநாள் விழிக்கலாம் என்ற சலுகை மட்டும் கிடைத்தது.

சொன்னதெல்லாம் பலிக்கும் உலகம் ஒரு பயங்கரமான உலகம் என்பது அந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டி எங்களை மிரட்டினாலும், தேவதைகள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி நாசமாகப் போகவில்லை, வங்கியில் வேலை பார்க்கிறான். எத்தனை சாபங்கள், எத்தனை "இனிமே உன் மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்", எத்தனை "செத்துத் தொலையலாம் போல இருக்கு". எதுவும் நிறைவேறவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். வெளியில் அளந்து பேசுகிறோம், அலுவலகத்தில் மின்னஞ்சலைப் பத்து தடவை திருத்துகிறோம். வீடு என்பது உளறுவதற்கான இடம். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமல்கூட விட்டுவிடலாம், அது தானாகக் கரைந்துவிடும். மனிதர்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்காமல் விடுவதும் அன்பின் ஒரு வழிதான். சொல்லை உடனே செயலாக்கும், அல்லது எங்கோ சேர்த்துவைக்கும் ஒரு பொருள் அங்கே வந்து உட்காரும்போது, அந்தக் கரைதல் நின்றுவிடுகிறது. பொம்மைவீடு விளையாடவந்த சிறுமிக்கு நடந்தது அதுதான். அவள் விளையாட்டு விலையோடு வாசலுக்கு வந்தது.

*

அப்பாவின் கேள்விக்கு நான் முதலில் கண்டுபிடித்த பதில் ஒரு விதி. சொல்லால் செய்ததைச் சொல்லாலேயே திருப்ப முடியும் என்றால் அதைக் குரலுக்குக் கொடுக்கலாம். பாட்டு, ஃபேன், லைட் எல்லாம் சரி. பணம், வாசல் கதவு, செய்தி அனுப்புவது ஆகியவை கூடாது. போன செய்தி திரும்பாது, திறந்த கதவு வழியாக வந்தவர் திரும்பமாட்டார். விதி நன்றாகத்தான் இருந்தது. வாங்குவதையும் செய்தி அனுப்புவதையும் அன்றைக்கே அணைத்துவைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது, அந்த இரவில் பிரச்சினை செய்ததே லைட்தான். எனக்கு லைட் அணைவது திருப்ப முடிகிற விஷயம், சுவிட்சைத் தட்டினால் போயிற்று. வாக்கரோடு நடுநடையில் நிற்கும் 71 வயது மனிதருக்கு அந்த ஒரு நிமிடத்தில் இடுப்பெலும்பு உடைந்தால் அதை எந்தக் குரலாலும் திருப்ப முடியாது. எது திரும்பும், எது திரும்பாது என்பது கட்டளையில் எழுதியிருக்கவில்லை, அந்த வீட்டில் இருக்கும் உடம்பைப் பொறுத்து அது மாறுகிறது. தொழிற்சாலையில் உட்கார்ந்து எல்லா வீட்டுக்கும் ஒரே எல்லையை வைக்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. எனக்கே தெரியவில்லை, நான் அதே வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கருவி வாங்கும்போதும் அதைக் கழற்றலாம் என்று சொன்னபோதும் நான் அவரிடம் கேட்கவில்லை. அவருக்காக முடிவெடுத்தேன். அந்த அளவில் நானும் அந்த ஸ்பீக்கரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டோம்.

இந்தத் தடவை கேட்டேன். அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "நடையில இருக்குற லைட்ட மட்டும் அதுகிட்டருந்து எடுத்துரு. பழையபடி ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போடு. ராத்திரி பூரா எரியட்டும். அது யார் பேச்சையும் கேக்க வேணாம்."

போட்டோம். ஸ்பீக்கர் டிவிக்குப் பக்கத்திலிருந்து அவர் கட்டில் பக்கத்துக்கு மாறியது, ஜன்னலைப் பார்க்காமல். சித்தி வரும்போதெல்லாம் அதன் மைக் பொத்தானை அப்பாவே இடது கையால் அழுத்தி அணைக்கிறார், "ஒட்டுக்கேக்கும்" என்று சித்தியிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு. சித்திக்கு அது பெரிய வேடிக்கை.

எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் மறுபடி தலைமாட்டுக்கு வந்துவிட்டன. எதுக்குப்பா என்று கேட்டதற்கு, "அது அதுக்கு. இது உனக்கு" என்றார். சில ராத்திரி அவர் அதைக் கூப்பிடுவது என் அறைக்குக் கேட்கும். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் லைட் வரவில்லை என்றால் டம்ளர் சத்தம் வரும். நான் எழுந்து போகிறேன்.